கதவின் முதுகுக்குத் தாழ் வந்த கதை

அந்தக் காலத்தில் பூச்சி பொட்டுகூட மனிதரோடு வாய்கொடுத்துப் பேசும். மனிதரும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வீடுகள் இருந்தன. வீடுகளுக்குக் கதவும் இருந்தது. ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான்.

கதவு செய்கிற ஆசாரிகள் கண்ணில் கதவுக்கு முகம் ஒன்று, முதுகு ஒன்று. தெருவைப் பார்ப்பது முகம். அதில்தான் தாமரை செதுக்குவார்கள், குமிழ் அடிப்பார்கள், பிடித்து இழுக்க வளையம் மாட்டுவார்கள், தாழ்ப்பாளும் போடுவார்கள். வீட்டைப் பார்ப்பது முதுகு. அதில் இழைப்புளிகூடச் சரியாக ஓடியிருக்காது. கை வைத்தால் சிராய் ஏறும். கதவு தெருப்பக்கமாகத் திறக்கும். எல்லாரும் காட்டுக்குப் போனால் ஆடு நாய் நுழையாமல் வெளியே தாழ் போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் ஆள் இருந்தால் தாழ் கிடையாது. “உள்ளேதான் அவள் இருக்கிறாளே, அப்புறம் தாழ் எதற்கு” என்பார்கள்.

இருக்கிறாள். அதுதான் சங்கதி. உள்ளே இருக்கிறவள் சோறு தின்பாள், சேலை மாற்றுவாள், ஒரு மூச்சு அழுவாள், பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். வளையத்தைப் பிடித்து யார் இழுத்தாலும் கதவு திறந்துகொள்ளும். தெருவோடு போகிறவனுக்குக் கதவின்மேல் இருந்த அதிகாரம், அந்த வீட்டைக் கூட்டி மெழுகுகிறவளுக்கு இல்லை. இது அநியாயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

கல்லாங்கரை என்ற ஊரில் உலகாயி என்று ஒருத்தி இருந்தாள். செம்மலையின் பெண்டாட்டி. தாய்வீடு என்று போய்ப் படுக்க அவளுக்கு நாதி இல்லை. தாய் போய்ச் சேர்ந்து வெகுகாலம். முதல் பிள்ளையை அடைமழை மாசத்தில் புருசன் வீட்டிலேயே பெற்றாள். ஆண் பிள்ளை. பிறந்த மூன்றாம் நாளே ஊர் வர ஆரம்பித்துவிட்டது. வளையத்தை இழுப்பார்கள், ஈரக்காலோடு உள்ளே வருவார்கள், தூங்குகிற பிள்ளையைத் தூக்குவார்கள், அப்பன் மூக்கா ஆத்தாள் மூக்கா என்று வழக்காடுவார்கள், கீழே போட்டுவிட்டுப் போவார்கள். வாசலில் குளிர்காற்று அடைபடவே இல்லை.

எல்லாரையும்விட அதிகம் வந்தவள் செம்மலையின் அக்காள் பாவாயி. அடுத்த தெருதான். அந்த மழைக்கு அவளுக்கு நெஞ்சைக் கிழிக்கிற இருமல். “அத்தைக்காரி மொகத்தப் பாரு சாமி” என்று பிள்ளையின் முகத்தோடு முகம் வைத்து இருமுவாள். உலகாயி நாத்தனார் முறை வைத்து, “நங்கே, கொஞ்சம் தள்ளி...” என்று இழுத்தால், “என் தம்பி பிள்ளைய நான் தொடக்கூடாதா” என்று ஊரைக் கூட்டுவாள்.

பதினைந்தாம் நாள் பிள்ளைக்கு இருமல் வந்தது. இருபத்தோராம் நாள் நின்றது. பிள்ளையும் நின்றுபோயிற்று. பார்க்க வந்தவர்களே அழ வந்தார்கள். அதற்கும் அதே வளையத்தைத்தான் இழுத்தார்கள்.

உலகாயி அழுது முடித்தாள். ஆனால் அன்றைக்கு அந்தக் கதவின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தவளுக்கு, பிறகு எந்த வேலை செய்தாலும் பாதிக் கண் அதன்மேல்தான்.

இரண்டு வருசம் போயிற்று. ஒரு மழையில் பழைய வீட்டின் மண்சுவர் கரைந்து விழுந்தது. செம்மலை புது வீடு கட்டக் கால் கோலினான். அப்போது உலகாயிக்கு மறுபடி ஆறு மாசம்.

கதவுக்கும் நிலைக்கும் தாண்டவ ஆசாரி வந்து உட்கார்ந்தார். கைச்சுத்தமான ஆள், அதைவிட வாய் பெரிய ஆள். வாகை மரத்தை அறுத்துப் போட்டு, புளிய நிழலில் இழைத்துக்கொண்டிருந்தார். உலகாயி கம்மங்கூழ் கொண்டுபோய் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

“ஆசாரியாரே, ஒரு வார்த்தை.”

“சொல்லு அம்மணி.”

“கதவுக்கு உள்பக்கமா ஒரு தாழ் போட்டுக் குடுங்க.”

ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சும்மா இல்லை, கூழ் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்.

“முதுகுலயா? ஏம்மணி, உனக்கு மூக்குத்திய மூக்குலதானே குத்தியிருக்காங்க, பொடனியிலயா குத்தியிருக்காங்க?”

“எனக்கு நகை வேண்டாங்க. தாழ்தான் வேணும்.”

“எங்கப்பன், எங்கப்பனப் பெத்தவன், யாரும் கதவோட முதுகுல உளியும் கொட்டாப்புளியும் வெச்சதில்ல. நான் வெச்சா நாளைக்கு ஒருத்தன் எங்கிட்டக் கதவு சொல்லுவானா? அது போகட்டும், வீட்டுக்குள்ள இருக்கறவளுக்குத் தாழ் எதுக்கு? எதை ஒளிக்கப் போறே?”

எதை ஒளிக்கப் போகிறாளாம். ஒரு பிள்ளையைக் குழிக்குள் வைத்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வி.

சாயந்திரம் புருசனிடம் சொன்னாள். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, “பேசாம இரு. கதவை அடைச்சிட்டு உக்காந்திருந்தா ஊரு என்ன பேசும்? ஒண்ணு சாவு, இல்லாட்டிக் களவுன்னு பேசும்” என்றான்.

“நம்ம பையன் போனானே, அது எதனாலங்க?”

“விதி.”

“விதி இருமாதுங்க. உங்கக்காதான் இருமுனாங்க.”

செம்மலை வாளியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். பதில் இல்லாத இடத்திலெல்லாம் எழுந்து போவது அவனுக்குப் பழக்கம்.

மறுநாள் அவள் கூழ்ச்சட்டியை எடுக்கப் போனபோது ஆசாரி நிழலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நிலைக்கால் மரத்தின்மேல் ஒரு கருவண்டு உட்கார்ந்திருந்தது. கட்டைவிரல் பருமன், தார் பூசினது போல் கறுப்பு. அந்தக் காலத்தில் கருவண்டுக்குத் தங்குமிடம் கிடையாது. பச்சை மரம் அதற்கு ஆகாது, மழையில் நனைகிற கட்டையும் ஆகாது. உலர்ந்த மரமெல்லாம் மனிதர் வீட்டில்தான். அங்கே போனால் புகை போட்டு விரட்டுவார்கள்.

“என்ன மொறைக்கிற?” என்றது வண்டு. “உன் மரத்தை ஒண்ணும் தின்னுடல. காலு வலிக்குதுன்னு உக்காந்தேன். நானும் வயித்துல முட்டையோட அலையிறவதான்.”

“உக்காரு, உக்காரு. என் பேச்சே இங்க எடுபடல.”

“நேத்துக் கேட்டேன். தாழ் கேட்டியாமே. அந்த ஆளு சிரிச்சானாமே.”

உலகாயி கூழ்ச்சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வண்டு இறக்கையை உதறிக்கொண்டது. “எனக்கு ஒரு துளை கெடைச்சா முட்டைய வெச்சு, தின்ன மகரந்தம் வெச்சு, மரத்தூளைக் கொழைச்சு வாயை அடைச்சுட்டுத்தான் மறுவேலை. முட்டை வெச்ச அறைக்கு வாயைத் தெறந்து போட்ட பூச்சிய நான் பாத்ததே இல்ல. பாம்பு, பல்லி, குருவி எல்லாம் அப்படித்தான், ஏதோ ஒரு மறைப்பு. நீங்கதான் பிள்ளைய நடுவீட்டுல கெடத்தித் தெருவைப் பாத்துத் தெறந்து வெச்சுக்கறீங்க. இதுல பேச்சுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல.”

“நான் தெறந்து வெக்கல. அடைக்க வழியில்ல.”

“வழி இல்லைன்னா உண்டாக்கு” என்றது வண்டு. அதற்குள் ஆசாரி கண்விழித்து, “அடச்சீ” என்று துண்டை வீச, அது பறந்துபோயிற்று.

ஒரு மாசத்தில் நிலையும் கதவும் தயார். அந்தக் காலத்துக் கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் ஓரத்தில் மேலேயும் கீழேயும் குடுமி விட்டு, நிலையின் குழிகளில் அதைச் செருகி, நிலையோடு சேர்த்துத்தான் கோப்பார்கள். அந்த வட்டாரத்தில் சுவருக்கு முந்தி நிலையைத்தான் நிறுத்துவார்கள். வெறுந்தரையில் நிலையும் கதவும் தனியாக நிற்கும். சுவர் பிறகுதான் அதன் இரண்டு பக்கமும் எழும்பும். கீழே நவதானியம் போட்டு, நல்ல நேரத்தில் நிலையைத் தூக்கி நிறுத்தி, அதன் காலில் பால் ஊற்றுவார்கள். பால் ஊற்றியான பிறகு நிலையைப் பிடுங்கக்கூடாது, திருப்பக்கூடாது, அசைக்கவே கூடாது. அசைத்தால் வீட்டில் வம்சம் தழைக்காது என்பது கட்டு. அந்தக் கட்டை மீற ஆசாரியாலும் முடியாது, ஊர்க்கவுண்டராலும் முடியாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நிலை நிற்கும் முன் கதவின் முகத்தை யாரும் பார்த்துக் கண் வைத்துவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் ஓலைப்பாயைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி வைப்பார்கள். எந்தப் பக்கம் முகம் என்று தெரிய, அந்தப் பக்கத்துக் கயிற்றில் ஒரு மாங்கொத்தைச் செருகுவார்கள். அவ்வளவுதான் அடையாளம்.

நிலை நிறுத்துகிற அன்று காலையில் ஆண்கள் எல்லாரும் ஓடைக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். உலகாயி வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். சாத்தி வைத்திருந்த நிலையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். ஓலையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. தாமரை தெரியவில்லை, சிராய் தெரியவில்லை. மாங்கொத்து மட்டும் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் கை போயிற்று. மாங்கொத்தை உருவினாள். பின்பக்கம் கொண்டுபோய்க் கயிற்றில் செருகினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அதுவரை குடியிருந்த ஓலைக்கொட்டகையின் அடுப்படிக்குப் போய்ப் பால் காய்ச்ச உட்கார்ந்தாள். முதல் ஆழாக்குப் பாலைப் பொங்கவிட்டுவிட்டாள்.

நல்ல நேரம் வந்தது. எட்டு ஆள் தூக்கினார்கள். மாங்கொத்து தெருவைப் பார்க்க நிலை நின்றது. ஆசாரி தூக்கு நூல் விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். செம்மலை தேங்காய் உடைத்தான். உலகாயி குனிய முடியாமல் குனிந்து, இரண்டு நிலைக்காலிலும் பால் ஊற்றினாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

பிறகு ஆசாரி அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தார். ஓலை விழுந்தது.

தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றது முதுகு. இழைக்காத பலகை, ஆணித்தலைகள், ஓரத்தில் ஆசாரி கரியால் போட்ட கணக்குக் கோடுகள். பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தாமரையும் குமிழும் வளையமும் தாழும் வீட்டுப்பக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

பாவாயிதான் முதலில் பேசினாள். “ஏன் ஆசாரியாரே, காலங்காத்தாலயே கள்ளுக் குடிச்சிட்டீங்களா?”

தாண்டவ ஆசாரிக்கு முகம் செத்துப்போயிற்று. மாங்கொத்தைச் செருகினது அவர் கைதான். தான்தான் தப்பாகச் செருகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். அதை நாலு பேர் நடுவில் ஒப்புக்கொண்டால் அந்தச் சுற்றுவட்டத்தில் அவர் உளிக்கு வேலை இருக்காது.

செம்மலை, “பிடுங்கித் திருப்பி வெச்சிடலாம்” என்றான்.

“பால் ஊத்தியாச்சு. இனிமேல் அசைச்சா வம்சத்துக்கு ஆகாது. பொண்டாட்டி வேற ஏழு மாசமா நிக்கறா” என்றார் ஆசாரி, அவசரமாக. அந்தச் சாக்கு அவருக்கு அன்றைக்குப் பெரிய துணை. கிழக்குப் பார்த்த மனைக்கு இப்படியும் வைப்பது உண்டு என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னார்.

உலகாயி பால் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல நின்றாள்.

சுவர் எழும்பியது, கூரை ஏறியது, குடி போனார்கள். ஊர் சிரித்தது. கதவு உள்பக்கமாகத் திறந்தது. வந்தவர்கள் பழைய ஞாபகத்தில் இழுக்க வளையம் தேடிக் கையால் பலகையைத் தடவினார்கள். செம்மலையைக் கண்டால், “என்னப்பா, உன் வீடு நமக்கு முதுகைக் காட்டுதே, கோவமா” என்று கேலி பேசினார்கள். அவனுக்குத் தலை குனிந்துபோயிற்று. உலகாயி மட்டும் யாரும் இல்லாத நேரம் தாழ்க்கட்டையைத் தள்ளிப் பார்ப்பாள். நிலைக்காலில் வெட்டியிருந்த துளைக்குள் அது வழுக்கிக்கொண்டு போய் ‘டொக்’ என்று உட்காரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவளுக்கு வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை திரும்பிப் படுக்கும்.

செம்மலை ஒருநாள் ஆசாரியைக் களத்துமேட்டில் பிடித்தான். “நிலையைத் தொடவேண்டாம். ஆனா அவ உள்ள தாழ் போடாத மாதிரி ஏதாவது பண்ணுங்க. இப்ப சிரிக்கறது போதாதுன்னு, அவ அடைச்சிட்டு உக்காந்தா அதுக்கும் சிரிப்பாங்க.”

ஆசாரி யோசித்தார். நிலைக்காலில் உள்ள துளையை அடைத்துவிட்டால் தாழ் எங்கே போய் நுழையும்? அது அசைத்தது ஆகாதே.

எப்போது வந்து அடைத்தார் தெரியுமா? உலகாயிக்கு வலி எடுத்த அன்று. அவள் பின்கட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உயிருக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், மருத்துவச்சி தண்ணி தண்ணி என்று கத்திக்கொண்டிருந்தாள், அந்த நேரத்தில் முன்வாசலில் இவர் சத்தமில்லாமல் வாகைக் கட்டையைச் சீவித் துளைக்குள் இறுக்கி, மேலே அரக்கை உருக்கி ஊற்றித் தேய்த்துவிட்டுப் போனார். கண்ணுக்குத் தெரியாத வேலை. கைச்சுத்தமான ஆள் என்று சொன்னோமே, அந்தச் சுத்தம்.

பெண் பிள்ளை பிறந்தது. பிறந்தது முதல் ஒரு கையை மூடி மூடித் திறந்தது.

மூன்றாம் நாள் காலை மருத்துவச்சி தன் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் இருமல் கேட்டது. மழை ஆரம்பித்திருந்த மாசம். உலகாயிக்கு அந்த இருமலை ஆயிரம் இருமலில் அடையாளம் தெரியும். இருமலுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்களின் பேச்சும் செம்மலையின் செருப்புச் சத்தமும் வந்தன.

பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு எழுந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்க்கட்டையைத் தள்ளினாள். ‘டக்’ என்று நின்றது. மறுபடி தள்ளினாள். நிலைக்கால் வரை போய் முட்டியது, நுழையவில்லை. விரலால் தடவினாள். துளை இருந்த இடத்தில் வழுவழு என்று மரம்.

அவளுக்குப் புரிந்தது. பச்சை உடம்பு, நிற்கவே தெம்பில்லை. அப்படியே திரும்பி முதுகைக் கதவில் கொடுத்துக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

கூரை இடுக்கிலிருந்து ரீங்காரம் கேட்டது. “அடைச்சுட்டாங்களா?” என்றது கருவண்டு. அதன் வயிறும் வெடிக்கிற மாதிரி இருந்தது. “அன்னிக்கே பாத்தேன். நான் சொல்லி யாரு கேக்கறது, நீ கத்திட்டுக் கெடந்தே.”

“துளை போடுவியா?”

“அதுக்குத்தானே இந்த வாயை வெச்சிருக்கேன். பதிலுக்கு எனக்கு என்ன குடுப்பே?”

“என்ன வேணும்?”

“இந்த நிலையில ஒரு அறை. எனக்கும், எம் பிள்ளைங்களுக்கும், அதுங்க பிள்ளைங்களுக்கும். மேப்படியில போட்டாலும் சரி, நிலைக்கால்ல போட்டாலும் சரி, சன்னல் சட்டத்துல போட்டாலும் சரி, புகை போட்டு விரட்டக்கூடாது.”

“குடுத்தேன். போடு.”

வண்டு அரக்கின்மேல் உட்கார்ந்து கடிக்க ஆரம்பித்தது. சிவப்பு அரக்குத் தூள் முதலில் கொட்டியது. அதைப் பார்த்து உலகாயிக்கு ஆசாரியின் கை தெரிந்தது. ஆசாரி தானாக வந்திருக்க மாட்டார் என்பதும் தெரிந்தது.

வெளியே வந்துவிட்டார்கள். பாவாயி கதவைத் தடவி, “இந்தக் கண்றாவிக்கு வளையங்கூட இல்ல” என்றாள். பிறகு தள்ளினாள். உலகாயியின் முதுகு குலுங்கியது. கதவு ஒரு விரல் கடை திறந்து, திரும்ப மூடிக்கொண்டது.

“ஏதோ முட்டுதே.”

“நல்லாத் தள்ளு பாவாயி” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. “நெல்லு மூட்டை சாஞ்சிருக்கும்.”

மூன்று பேர் சேர்ந்து தள்ளினார்கள். உலகாயியின் குதிகால் மெழுகின தரையில் கோடு கிழித்துக்கொண்டு நகர்ந்தது. பிள்ளை விழித்து அழுதது. சந்து வழியாகக் குளிர்காற்றும் இருமலும் ஒன்றாக உள்ளே வந்தன. இந்த முறையும் இதே காற்று, இதே இருமல், இதே ‘அத்தை மொகத்தப் பாரு சாமி’. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். கதவு மூடியது.

“இன்னும் எவ்வளவு?” என்றாள் மூச்சு வாங்க.

“வாயில மரத்தை வெச்சுக்கிட்டுப் பேச முடியுமா?” என்றது வண்டு. வெள்ளை மரத்தூள் அவள் தோளில் மாவு போலக் கொட்டியது. பிறகு, “ம், போடு” என்றது.

உலகாயி ஒருக்களித்துக் கையை நீட்டிக் கட்டையைத் தள்ளினாள்.

‘டொக்.’

வெளியே மறுபடி மூன்று பேர் தள்ளினார்கள். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். அசையவில்லை. அந்த ஊரில், அந்த உலகத்தில், உள்ளே இருக்கிறவள் வேண்டாம் என்று நினைத்து ஒரு கதவு திறக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

பாவாயி கோபத்தில் கதவை உள்ளங்கையால் அடித்தாள். டப், டப், டப்.

“யாரது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பாவாயி திகைத்துப்போனாள். பிறந்தது முதல் ஒரு வீட்டு வாசலிலும் அவளை அப்படி யாரும் கேட்டதில்லை.

“நாந்தான்.”

“நாந்தான்னா யாரு?”

பின்னால் நின்றவர்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க வாயில் தலைப்பைத் திணித்துக்கொண்டாள்.

“பாவாயி. உன் புருசனுக்கு அக்கா.”

“என்ன வேணும் நங்கே?”

“என்ன வேணுமா? எந் தம்பி பிள்ளையப் பாக்க வந்திருக்கேன்.”

“இருமல் நின்னுருச்சா?”

பாவாயி மூச்சை அடக்கிப் பார்த்தாள். முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது. முடியவில்லை. இருமினாள். ஒருமுறை ஆரம்பித்தது நிற்காமல் பத்து முறை வந்தது.

“நின்னதும் வாங்க” என்றாள் உலகாயி. “நான் எங்கயும் போயிட மாட்டேன். பிள்ளையும் போகக்கூடாது. அதுக்குத்தான்.”

அதைக் கேட்டதும் கூட வந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் கலைந்து போனார்கள். பாவாயி திட்டிக்கொண்டே போனாள். திட்டு தெருமுனை வரை கேட்டது; இருமல் அதற்கு அப்புறமும் கேட்டது.

செம்மலை மட்டும் நின்றான். “நாந்தான், தெற” என்றான்.

“துளையை அடைக்கச் சொன்னது யாருங்க?”

அவன் வழக்கம்போலப் போய்விடப் பார்த்தான். ஆனால் வீடு அவனுடையது. எங்கே போவது? மழைத்தூறலில் கொஞ்சம் நின்றான். உள்ளே பிள்ளை அழுவதும், அது தாய்ப்பாலில் அடங்குவதும் கேட்டது. பெரியவன் செத்த பிறகு ஒரு பிள்ளை அழுவதை அவன் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

“நான்தான் சொன்னேன்” என்றான்.

“மாங்கொத்தை மாத்திச் செருகுனது நான்தான்” என்றது உள்ளேயிருந்து.

அவன் முகத்திலிருந்த தூறலைத் துடைத்துக்கொண்டான். பிறகு கையை மடக்கி, எலும்பு முட்டால், மெதுவாகக் கதவைத் தட்டினான்.

“யாரது?”

“செம்மலை. பிள்ளைக்கு அப்பன். எனக்கு இருமல் இல்ல.”

தாழ் விலகுகிற சத்தம் கேட்டது.

நாற்பது நாள் வரை அந்தக் கதவு தட்டினால்தான் திறந்தது. பிள்ளை தங்கிற்று. நாற்பத்தோராம் நாள் கதவைத் திறந்து வைத்ததும் ஊர்ப் பெண்கள் வந்தார்கள். பிள்ளையைப் பார்த்ததைவிடத் தாழை அதிகம் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் கட்டையைத் தள்ளி ‘டொக்’ என்று கேட்டுவிட்டு, எடுத்துவிட்டு, மறுபடி தள்ளினாள். ஒருத்தி தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் நின்று சும்மா அழுதாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயந்திரமே தாண்டவ ஆசாரி வாசலில் கூட்டம். எல்லாரும் பெண்கள். “முதுகுல தாழ் போட மாட்டேன்னு சொன்னீங்களாமே” என்றாள் ஒருத்தி. “அப்ப எங்க வீட்டுல கூழும் கெடையாது.” ஆசாரி இரண்டு நாள் முறைத்தார். மூன்றாம் நாள் பசித்தது. முகத்தில் தாமரை இருக்கட்டும், முதுகில் தாழ் இருக்கட்டும் என்று வேலையைத் தொடங்கினார். காட்டுக்குப் போகிறவர்கள் வெளியே எப்படி மூடுவது என்று ஆண்கள் கேட்டார்கள். அதற்கு ஒரு சங்கிலியும், அதை மாட்ட நிலையில் ஒரு நாதாங்கியும் அடித்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் தானே யோசித்ததாகத்தான் சாகிற வரை சொல்லிக்கொண்டார்.

கடைசியாகப் பாவாயி வந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. இருந்தும் வாசலில் நின்று நிலையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“யாரது?”

“நான் பாவாயி. இருமல் போயி எட்டு நாளாச்சு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அந்த ஆசாரிகிட்ட எனக்கும் ஒரு தாழ் சொல்லு. வீட்டுக்கு மருமக வந்துட்டா. அவளோட ஆத்தா, அத்தை, சித்தின்னு நாள் பூராக் கதவை இழுக்கறாங்க. ஒரு வாய் கஞ்சி நிம்மதியாக் குடிக்க முடியல” என்றாள்.

உலகாயிக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. தனக்கு வந்தால்தான் தெரிகிறது. “வாங்க நங்கே, உள்ள வாங்க” என்று பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். மேலே நிலையின் மேல்படியில் கருவண்டு தன் அறை வாயை மரத்தூளால் அடைத்துக்கொண்டிருந்தது. தூள் மூன்று பேர்மேலும் கொட்டியது. யாரும் அதை விரட்டவில்லை.

அன்று முதல்தான் கதவுக்கு உள்ளே தாழும் வெளியே சங்கிலியும் என்று ஆயிற்று. அன்று முதல்தான் நிலையில் கருவண்டு துளை போட்டால், எண்ணெய் ஊற்றி அடைக்கலாம் என்று வீட்டு ஆண்கள் சொல்வதும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெண்கள் தடுப்பதும். வந்தவர் தட்டிவிட்டு நிற்க வேண்டும், உள்ளே இருப்பவள் “யாரது” என்று கேட்க வேண்டும், கேட்ட பிறகும் திறப்பது அவள் இஷ்டம்.